பழைய கணினிக்குப் புதிய நினைவு

விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டில் இலங்கையில் வந்து குடியேறியவர். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘2010: ஒடிசி இரண்டு’ என்னும் அவரது நாவல், ஆர்க்கைவ்ஸ் மூன்று என்னும் சிறு கணினியில் எழுதப்பெற்றது, ஐந்தங்குல நெகிழ்தட்டு ஒன்றில் அடங்கிக் கொழும்பிலிருந்து நியூயோர்க் நகரத்துக்குச் சென்றது. கட்டுக் கட்டாகச் செல்ல வேண்டிய கையெழுத்துப் பிரதி ஓர் உறைக்குள் அடங்கியது அந்நாளில் பெரும் புதுமையே.

ஆயினும், தாளில் எழுதியதற்கு உள்ள ஆயுள் தட்டில் எழுதியதற்கு இல்லை. நெகிழ்தட்டு என்பது மெல்லிய பிளாத்திக் வட்டத்தின் மீது காந்தப் பொடி பூசப்பெற்ற ஒரு பொருள். வெப்பமும் ஈரமும் அதன் பகைவர்கள். பூண்டுலோயா போன்ற மலைநாட்டு ஊர்களில் மழைக்காலத்தில் பெட்டியில் வைத்த துணிக்கும் புத்தகத்துக்கும் பூஞ்சணம் பிடிப்பதை அறியாதார் இலர். அப்பூஞ்சணம் தட்டையும் விடுவதில்லை. தட்டைச் சுழற்றும் பொறியும் நாளடைவில் தேய்ந்துவிடும். கணினியின் உள்ளுறுப்புகளோ பெரும்பாலும் நாற்பது ஆண்டுகள் கடந்தும் பழுதின்றி இயங்குகின்றன. உடல் திடமாக இருக்க, நினைவு மட்டும் மங்கிவிட்ட முதியவரின் நிலை இது.

இதற்கு இன்று கண்டுள்ள பரிகாரம் யாது? பிபிசி மைக்ரோ என்னும் கணினியைக் கொண்டு அதனை விளக்கலாம். இங்கிலாந்தின் ஏகோர்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட இக்கணினியே, இந்திய அரசு 1984ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கெனத் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்திலும் பயன்பட்டது. அதன் ‘பி’ வகைக்கு இருந்த நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே.

மின்சாரம் பெற்றதும் இக்கணினி தன்னுள்ளே நிலையாகப் பதிக்கப்பெற்ற சில்லிலிருந்து விழித்தெழுகிறது. தட்டில் உள்ளதை அது தானாகத் தேடுவதில்லை. ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘பிரேக்’ விசையைத் தட்டினால், தட்டில் ‘பூட்’ என்னும் பெயருடைய கோப்பு உண்டா என்று பார்க்கும்; இருந்தால், தட்டில் குறித்து வைத்தபடி அதனை இயக்கும். தட்டிலிருந்து கணினியைத் தொடக்கி வைப்பது என்பது இதுவே.

அக்காலத்தில் செல்வம் மிக்க நிலையங்கள் நெகிழ்தட்டுக்குப் பதிலாக வன்தட்டை இணைத்துக்கொண்டன. ஏகோர்ன் நிறுவனம் விற்ற வன்தட்டுகளின் கொள்ளளவு 10 மெகாபைட்டும் 30 மெகாபைட்டும் ஆகும். அவை இன்று பெரும்பாலும் செயலிழந்தவை. புதிதாகச் செய்வாரும் இல்லை. அவற்றின் இடத்தில் அமர்வதற்கென ஆக்கப்பெற்றதே ‘பீப்ஸ்கஸி’ என்னும் சிறு மின்பலகை. இது வன்தட்டு அன்று. வன்தட்டைப் போல நடிக்கும் கருவி.

தோட்டத்தில் துரையின் மொழி தொழிலாளிக்கு விளங்காது. தொழிலாளியின் மொழி துரைக்கு விளங்காது. இடையில் நின்ற கங்காணி இருவர் பேச்சையும் இருவருக்கும் உணர்த்தினார். இம்மின்பலகையின் வேலையும் அத்தகையதே. பழைய கணினி வன்தட்டிடம் பேசுவதாக எண்ணி, “இத்தனையாவது பகுதியில் உள்ள 256 பைட்டுகளைத் தா” என்று கேட்கிறது. பலகை அக்கேள்வியை வாங்கி, கைப்பேசியில் இடும் நினைவட்டை போன்ற ஒன்றில் தேடி எடுத்து, பழைய வன்தட்டு விடையளிக்கும் முறையிலேயே விடையளிக்கிறது. கணினியில் எதனையும் மாற்றியமைக்க வேண்டுவதில்லை. வன்தட்டைக் கையாளும் பழைய மென்பொருள் சில்லு ஒன்று அதில் இருந்தாற் போதும்.

இதனால் விளையும் பெரும்பயன் வேகம் அன்று, பாதுகாப்பே. முழு வன்தட்டும் நினைவட்டையில் ஒரே கோப்பாக அமைகிறது. அதனை இன்றைய கணினியில் இட்டு எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று நிற்கும்.

ஆனால் இம்முயற்சியில் முறை பிறழலாகாது. பழைய கணினியைக் கண்டவுடன் மின்சாரம் கொடுத்தல் தவறு. அதன் மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் முதுமையால் வெடித்துப் புகை கக்கக்கூடும். அறிந்தவரைக் கொண்டு அவற்றை முதலில் மாற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த தட்டைத் துடைக்காமல் பொறியில் இட்டால், பொறியும் அடுத்து இடப்பெறும் தட்டுகளும் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெகிழ்தட்டில் எஞ்சியிருப்பதை அது படிக்கக்கூடியதாய் இருக்கும்போதே பிரதி செய்துகொள்ள வேண்டும். புதிய கருவி, தனக்குக் கொடுத்ததையே காக்கும்; அழிந்துபோனதை மீட்டுத் தராது.

மாணவன் முதன்முதல் எழுதிய நிரலும், ஆசிரியர் ஆக்கிய பாடமும், எழுத்தாளரின் முதற்படியும் இத்தகைய தட்டுகளில் எங்கெங்கோ உறங்குகின்றன. கருவியை நாளையும் வாங்கலாம். தட்டு நாளை வரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.