வெட்டுக்காயப் பூண்டும் எலியின் முதுகும்

பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மரக்காணம் உப்பளத்தில் பல வருடம் உப்பு வாரியவர். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். குதிகாலில் காய்ந்த பாத்தி போல வெடிப்பு. பெருவிரல் ஓரத்தில் புதிதாக ஒரு வெட்டு, அதன்மேல் பச்சையாக அப்பிய விழுது.

“வெட்டுக்காயப் பூண்டு தம்பி. கசக்கி விட்டேன், ரத்தம் நின்னுடுச்சு. இதையெல்லாம் லேப்ல வச்சுப் பாத்திருக்காங்களா?”

பார்த்திருக்கிறார்கள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

கடைக்குப் பின்னால் வேலியோரத்தில் அந்தச் செடியே இருந்தது. தரையோடு படரும் தண்டு, சொரசொரப்பான இலை. ஒல்லியாக நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி பிளந்த வெள்ளை இதழ்கள். மூக்குத்திப்பூச் செடி என்பதும் இதைத்தான். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. வந்தேறிய செடிக்கு நம் ஊர் உழைப்பாளிகள் அதன் வேலையையே பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால், ஏட்டில் படித்து வைத்த பெயராக இருக்காது. வெட்டுப்பட்ட இடத்தில் வைத்துப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு அதுவும் ஒரு சோதனைதான்.

ஆய்வகச் சோதனை இப்படி நடக்கும். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகு முடியை மழித்து, வட்டமாகத் தோலை எடுப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மூலிகைச் சாறு கலந்த களிம்பு, இன்னொன்றுக்கு மூலிகை சேராத வெறும் களிம்பு, மூன்றாவதற்குக் கடையில் விற்கும் மருந்து. சில நாளுக்கு ஒரு முறை கண்ணாடித்தாளைக் காயத்தின்மேல் வைத்து ஓரத்தை வரைந்து, எத்தனை சதுர மில்லிமீட்டர் சுருங்கியது என்று கணக்கெடுப்பார்கள். பொருக்கு எந்த நாளில் உதிர்ந்தது என்பதும் குறிப்பில் ஏறும். இன்னொரு வகையில், நீளமாகக் கீறித் தையல் போட்டு, பத்தாவது நாள் வாக்கில் அந்தத் தழும்பு எத்தனை கிராம் இழுப்புக்குப் பிரிகிறது என்று பார்ப்பார்கள்.

அந்த வெறும் களிம்புக் கூட்டம் மிக முக்கியம். ஈரப்பதம் காத்தாலே காயம் விரைவாக மூடும் என்பதை 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயத்தில் காட்டினார். ஆகவே, ஆற்றியது பச்சிலையா, அதைக் கலந்த களிம்பின் பிசுக்கா என்று பிரித்துப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல.

வெட்டுக்காயப் பூண்டு இந்தத் தேர்வுக்கு எப்போதோ உட்கார்ந்துவிட்டது. 1982-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் திவான், டில்லூ, குல்கர்னி ஆகியோரின் கட்டுரை வந்தது. 1991-இல் உடுப்பா குழுவினர் இன்னும் உள்ளே போய், லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்தார்கள். சாறு கொடுத்த எலிகளின் காயத்தில் அது கூடியிருந்தது.

“அது என்னத்துக்கு?” என்றார் பெரியவர். பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா, என்றேன். காயத்தின் பள்ளத்தை உடம்பு கொலாஜன் என்ற புரத நூலால் அடைக்கிறது. நூல் மட்டும் குவிந்தால் வலை ஆகாது, முடிச்சு விழ வேண்டும். நூலை நூலோடு பிணைக்கும் வேலை இந்த நொதியுடையது. முடிச்சு குறைந்தால், மேலே மூடினாலும் இழுத்தால் பிரிந்துவிடும்.

கொலாஜன் என்றதும் சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்ல வேண்டும். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுவதை ஆராய 1948-இல் தொடங்கியது. தோல் என்றாலே பெரும்பகுதி கொலாஜன்தான். அதனால் செத்த மாட்டுத் தோலை அறிந்தவர்களுக்கு உயிருள்ள தோல் எப்படி ஒட்டுகிறது என்பதும் கைவந்த பாடமானது. 1996-இல் சுகுணா, சிவகுமார், கௌரி சந்திரகாசன் ஆகியோர் வல்லாரைச் சாற்றை எலிக்காயத்தில் சோதித்து எழுதினார்கள். 2012-இல் சுகுணாவின் குழு, குப்பைமேனி கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது என்று காட்டியது. திசுவில் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு என்று அளப்பார்கள். அது கிட்டத்தட்ட கொலாஜனில் மட்டுமே மிகுதியாக இருப்பதால், அதை அளந்தால் நூல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்ப நான் வச்சது சரிதான்!”

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆய்வகத்தில் செடியை இன்னது என்று தாவரவியலாளரிடம் உறுதி செய்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, தண்ணீரிலோ சாராயத்திலோ ஊற வைத்து, வடித்து, சுண்டக் காய்ச்சுகிறார்கள். நாம் வேலியோரத்தில் பறித்துக் கையால் கசக்குகிறோம். இரண்டும் ஒரே மருந்து அல்ல. எலியின் தோல் உடம்போடு இறுக ஒட்டாத தோல். அதன் காயம் பெரும்பாலும் தானே சுருங்கி மூடும். நம் தோலில் சதை வளர்ந்து, மேல்தோல் படர்ந்து ஆற வேண்டும். எலியின் காயம் சுத்தமான கத்தி போட்டது. உங்கள் காயத்தில் சேறு உண்டு, நாள் முழுக்க உப்புத் தண்ணீர் உண்டு.

பூசுவது வேறு, குடிப்பது வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் குப்பைமேனி சேர்த்த கஞ்சியைக் குடித்து, சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்துக்கு உள்ளானதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எலியோடு நின்றுவிட்ட கட்டுரைகளை இனியும் அடுக்குவதில் பயன் குறைவு என்பது என் எண்ணம். வெறும் உப்புநீரில் கழுவிச் சுத்தமான துணி கட்டிய காயம் ஒரு பக்கம், அதே கட்டுக்குள் மூலிகைக் களிம்பு வைத்த காயம் மறுபக்கம். இப்படி மனிதர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் பார்க்க வேண்டும். அதை உப்பளத்துக் கால்களிலிருந்து தொடங்கினால் அந்த உழைப்பாளிகளுக்கு நாம் செய்யும் நியாயமாக இருக்கும்.

“ஐயா, உங்களுக்குச் சுகர் இருக்கா?”

“அது இருக்கு, ஆறேழு வருஷமா.”

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். சர்க்கரை கால் நரம்பை மரக்கச் செய்யும், வலி தெரியாது. மேலே மூடிய காயம் உள்ளே புரையோடும். தரையோரத்து இலையில் மண் ஒட்டியிருக்கும், ரணஜன்னிக் கிருமியின் குடியிருப்பே மண்தான். எந்த இலைச்சாறும் அதற்குத் தடுப்பூசி ஆகாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கால் இருந்தால், வெட்டுப்பட்டதும் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் பச்சிலை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.