ராத்திரி கம்மியா சாப்பிட்டும் காலையில சுகர் ஏறுவது ஏன்? கணையம் செய்யும் வேலை இதுதான்!

"ராத்திரி ரெண்டே இட்லிதான் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல பார்த்தா சுகர் 150 காட்டுது. எப்படி?" சர்க்கரை நோயாளிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. சாப்பாட்டில் இருந்து மட்டும்தான் ரத்தத்தில் சர்க்கரை சேரும் என்று நினைப்பதால் வரும் குழப்பம். உண்மையில், நாம் தூங்கும்போதும் உடல் ரத்தத்துக்குள் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் அளவைக் கவனித்துக்கொள்வது கணையம்.

கணையத்துக்குள் என்ன இருக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 செ.மீ நீளத்தில் இருக்கிறது கணையம். இதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. நடுநடுவே இருக்கும் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்'தான் ஹார்மோன்களைச் சுரப்பவை. 1869-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை முதலில் விவரித்தார். மொத்த கணையத்தில் இவை வெறும் 1 முதல் 2 சதவீதம்தான்!

ரெண்டு ஹார்மோன், ரெண்டு வேலை

சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். உடனே பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும். தசைகளும் கொழுப்புத் திசுக்களும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ள இது உதவும். மிச்சத்தை கல்லீரல் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கும்.

பல மணி நேரம் சாப்பிடாவிட்டால்? மூளைக்கு எந்நேரமும் குளுக்கோஸ் வேண்டுமே! அப்போது ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரக்கும். 'சேமிச்சதை வெளியே விடு' என்று கல்லீரலுக்கு அது சொல்லும் செய்தி.

அப்போ காலையில ஏன் ஏறுது?

விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை அதிகரிப்பதால் கல்லீரல் கூடுதலாக குளுக்கோஸை விடும். ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து அதைச் சமாளித்துவிடும். டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் போதாது, அல்லது இருந்தாலும் கல்லீரல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. விளைவு, சாப்பிடாமலே சுகர் ஏறும்.

பட்டினி கிடந்தால் சரியாகுமா?

ஆகாது. இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு உணவைத் தவிர்த்தால், தூக்கத்திலேயே சுகர் 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் இதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் மயக்கம், வலிப்பு வரை போகலாம். அறிகுறி தெரிந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் நார்மல்?

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் நார்மல். 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் இருந்தால், மறுபரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும்.

காலை சுகர் தொடர்ந்து ஏறினால், சில நாள் அளவுகளைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம்.