இனத்துக்கு ஒரு குணமா?

பினாங்கில் பாயான் பாருவை ஒட்டிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் 1972இல் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் பினாங்கில்தான் திறந்தது. முதலீட்டாளர்களை ஈர்க்க அந்தக் காலத்தில் மலேசிய அரசு வெளியிட்ட கையேடு ஒன்று கீழைநாட்டுப் பெண்ணை வானளாவப் புகழ்ந்தது: சின்னக் கைகள், வேகம், கவனம், நுட்பமான பொருத்து வேலைக்கு அவள் பிறவியிலேயே ஏற்றவளாம்.

குணம் பிறவியிலேயே வருகிறது என்ற இந்தச் சரக்கு பழையது. உடலில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டு, எது மிஞ்சுகிறதோ அதுவே ஒருவரின் குணம் என்றது கிரேக்க மருத்துவம். ஐரோப்பியர் அதை மெல்ல நாடுகளுக்கும் நீட்டினர். குளிர்ந்த வடக்குக்கு உடல்பலம், வெயில் தெற்குக்குச் சிந்தனை, நடுவில் இருப்போருக்கு ஆளும் திறமை என்று 16ஆம் நூற்றாண்டில் பிரித்தார் ஜான் போதான். அவர் பிரெஞ்சுக்காரர், பிரான்சு நடுவில் அமைந்தது தற்செயல் என்றே நம்புவோம். ஓர் ஆட்டு நாக்கை உறையவைத்துச் சோதித்ததை 1748இல் வெளிவந்த தம் நூலில் மொந்தெஸ்கியூ எழுதினார். குளிரில் அதன் சுவை மொட்டுகள் சுருங்கின. வெப்ப நாட்டாருக்கு உணர்ச்சி அதிகம், உழைப்பு குறைவு என்ற தம் வாதத்துக்கு அதையே சான்றாக்கினார். 1758இல் லின்னேயஸ் ஐரோப்பியருக்கு ரத்தத்தையும் ஆசியருக்குக் கரும்பித்தத்தையும் ஒதுக்கி, அதை விலங்கியல் நூலிலேயே ஏற்றிவிட்டார்.

மலாயாவில் இந்த வகைப்பாடு கூலிக் கணக்காக மாறியது. மலாய்க்காரர் சோம்பேறி, தமிழர் சொன்னபடி கேட்பவர் என்று தோட்டத் துரைமார் எழுதிவைத்தனர். சையத் ஹுசேன் அலட்டாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் முதல் முத்திரையைக் கிழித்தார். மலாய்க்காரர் தம் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள். அந்நியரின் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலியாகச் சேர மறுத்ததற்குத்தான் சோம்பல் என்று பெயர் விழுந்தது.

தமிழரின் பணிவுக்கோ சஞ்சி என்ற கூலி ஒப்பந்தமும் ஆள்பிடித்து மேற்பார்த்த கங்காணியின் பிடியும் காரணமாயின. ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற நிலையில் யார்தான் பணியமாட்டார்? அதே தமிழர்கள் 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு படையை இறக்கியது.

பாயான் லெப்பாஸ் பெண்களுக்குக் கிடைத்த புகழும் இந்த ரகம்தான். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்த அவர்கள் மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தனர். இத்தகைய ஆலைகளை ஆராய்ந்த டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் விளக்கம் தந்தனர். அந்தக் கைத்திறன் பிறவியில் வந்ததில்லை, சிறு வயது முதல் வீட்டில் தையல் போன்ற வேலைகளில் பழகி வந்தது. வீட்டில் கற்றதற்குச் சான்றிதழ் இல்லாததால் திறமையற்ற வேலை என்று கூலியைக் குறைக்க முடிந்தது.

காப்பிக்கடைப் பேச்சில் இந்த முத்திரைகள் இன்றும் உலவுகின்றன. ஆனால் 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 49 பண்பாடுகளைச் சேர்ந்தவர்களிடம் தம் நாட்டவரின் குணம் என்னவென்று கேட்டு, அதை அந்நாட்டு மக்களிடம் அளந்த குணங்களோடு ஒப்பிட்டது. இரண்டும் பொருந்தவில்லை.