நிணநீர்க் கணுவைக் காட்டும் கதிரியக்க ஊசி

ஏற்காட்டு ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றியுள்ள சரிவுகளில் பெய்யும் மழைநீர் முதலில் அந்த ஏரிக்கு வருகிறது. ஏரி நிறைந்து வழியும் நீர்தான் பிறகு கிளியூர் அருவியாக விழுகிறது. சரிவிலிருந்து அழுக்கு ஏதேனும் அடித்து வரப்பட்டதா என்று அறிய எங்கே பார்ப்பீர்கள்? முதலில் ஏரியில்தான், அல்லவா?

நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர், மெல்லிய நாளங்கள் வழியே சென்று, அவரை விதை போன்ற கணுக்களில் வடிகட்டப்படுகிறது. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் கணுக்களுக்குச் செல்கிறது. மார்பகப் புற்றுநோய் நிணநீர் வழியே பரவினால், பெரும்பாலும் முதலில் தங்குமிடம் அவ்வழியிலுள்ள முதல் கணுவே. இதைக் 'காவல் கணு' என்பர்.

முன்பெல்லாம் நோய் பரவியுள்ளதா என்றறிய அக்குள் கணுக்கள் பலவற்றை அகற்றுவார்கள். வடிகால் கெட்டுச் சிலருக்குக் கை நிரந்தரமாக வீங்கிவிடும். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்துப் பிழைக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடலாம். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்க ஐசோடோப்பை மிக நுண்ணிய துகள்களுடன் பிணைத்து, கட்டியின் அருகே ஊசியால் செலுத்துகிறார்கள். துகள்கள் நிணநீரோடு சென்று காவல் கணுவில் தங்குகின்றன. அங்கிருந்து வரும் காமாக் கதிர்களைக் காமிராவும், பேனா போன்ற கையடக்கக் கருவியும் கண்டறிகின்றன. மார்பகப் புற்றுநோயில் இம்முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் கிராக் குழுவினர் 1993-இல் வெளியிட்டனர்.

டெக்னீசியம் 1937-இல் பெரியர், செக்ரே ஆகியோர் கண்டறிந்த தனிமம். செயற்கையாகக் கிடைத்த முதல் தனிமமும் அதுவே. 99எம் வகையின் அரை ஆயுள் 6 மணி நேரம். இவ்வளவு விரைவில் சிதைவதைச் சேமித்து வைக்க முடியுமா? முடியாது. ஆகவே 66 மணி நேர அரை ஆயுளுள்ள மாலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டரை மருத்துவமனையில் வைத்து, பசுவிடம் பால் கறப்பதுபோல் வேண்டியபோது டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். நவி மும்பையிலுள்ள கதிரியக்க, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் இத்தகைய ஜெனரேட்டர்களை வழங்குகிறது.

'கதிரியக்கம்' என்றதும் வீட்டிலுள்ளோர் அஞ்சலாம். அவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். ஊசி போடும்போது சிறிது எரியும். கருவுற்றிருந்தாலோ, குழந்தைக்குப் பாலூட்டினாலோ, முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போயிருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் கூறவேண்டும். பாலூட்டுவதை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். அவர் அனுமதிக்கும்போது நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்லது. ஓர் ஆண்டில் இயற்கையிலிருந்து நாம் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இந்த ஊசியால் கிடைப்பது பொதுவாக அதைவிடக் குறைவே.

இனி ஒரு கணக்கு. ஊசி போட்டு 48 மணி நேரம் கழித்து, உங்கள் அத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு அரை ஆயுள் கழிந்துவிட்டது. தொடக்கத்திலிருந்த கதிரியக்கத்தில் எஞ்சியது எவ்வளவு? 256-இல் ஒரு பங்குக்கு மேல் இராது. தயங்காமல் அருகில் சென்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்!