ஏ.ஐ-யை ஜூனியரா வெச்சுக்கோங்க வக்கீல் சார்... சீனியர் ஆக்கிடாதீங்க!

2023-ல் நியூயார்க் கோர்ட்டில் நடந்த கூத்து இது. விமானத்தில் உணவு டிராலி இடித்து முழங்காலில் காயம்பட்டதாக ஒரு பயணி, ஏவியாங்கா நிறுவனம் மீது வழக்கு போட்டிருந்தார். அவருடைய வக்கீல் தரப்பு, சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்தது. தேடிப் பார்த்தால், அப்படி வழக்குகளே இல்லை! `இது நிஜமான தீர்ப்புதானா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார்கள். அதுவும் கூசாமல் `ஆமாம்' என்றிருக்கிறது. கடைசியில் 5,000 டாலர் அபராதம்.

ஏன் இப்படி? இந்த வகை ஏ.ஐ, அடுத்து எந்த வார்த்தை பொருந்தும் என்று கணித்து எழுதுகிறது. அதனால் வழக்கு எண், நீதிபதி பெயர் எல்லாம் கச்சிதமாக இருக்கும். வழக்குதான் இருக்காது.

அப்போ எதுக்குப் பயன்படுத்தலாம்?

* 200 பக்க கேஸ் கட்டிலிருந்து தேதிவாரியாக நிகழ்வுகளைத் தொகுக்கச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கேளுங்க, சரிபார்க்க ஈஸி.

* வக்கீல் நோட்டீஸுக்கு முதல் வரைவு வாங்கலாம்.

* `எதிர்த்தரப்பு வக்கீலா என் வாதத்தை உடை' என்று சொல்லிப் பாருங்க. ஓட்டைகள் கோர்ட்டுக்குப் போகும் முன்பே தெரிஞ்சிடும்.

எங்கே உஷார்?

* சட்டப்பிரிவு: 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கு 302 போய் 103 வந்தாச்சு. ஆனால், அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். ஏ.ஐ இரண்டையும் போட்டுக் குழப்பலாம்.

* முன்தீர்ப்பு: உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர் தளத்தில் தீர்ப்புகள் இலவசம். முழுத் தீர்ப்பையும் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீங்க.

* ரகசியம்: கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது வக்கீலின் சட்டக் கடமை. பெயர், முகவரி, போன் நம்பரை நீக்காமல் இலவச ஆப்களில் எதையும் ஏற்றாதீங்க.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொண்டுவந்த கொள்கையும், தீர்ப்பு முடிவெடுக்க ஏ.ஐ கூடாது என்கிறது. நீதிபதிக்கே அப்படின்னா, வக்கீலுக்குச் சொல்லணுமா?

ஜாமீன் மனுவில் ஒரு போலித் தீர்ப்பு நுழைந்தால், ஏ.ஐ-க்கு எந்த நஷ்டமும் இல்லை. வக்கீலுக்குக் கெட்ட பெயர். ஆனால், அடுத்த வாய்தா வரை ஜெயிலில் இருக்கப்போவது, அந்த மனுவை நம்பியிருக்கும் கட்சிக்காரர்!