மருந்து இருந்தும் சேராதது ஏன்? – கிராமப்புறச் சுகாதார ஆய்வும் நம் தர்மமும்

மருத்துவ உதவி என்றதும் அறுவை சிகிச்சைச் செலவு, டயாலிசிஸ் கட்டணம், மாதாந்திர மாத்திரை ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்குக் கொடுக்க நம் மக்கள் தயங்குவதில்லை. ஆனால் "கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவ வசதி ஏன் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஆராய நிதி வேண்டும்" என்று கேட்டால், "நோயாளி வாசலில் நிற்கும்போது ஆராய்ச்சி எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை காண இரண்டு உண்மை நிகழ்வுகளைப் பார்ப்போம்.

வங்கதேசத்தின் உப்பும் வெல்லமும்

காலராவும் வயிற்றுப்போக்கும் ஒரு காலத்தில் வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. உடம்பில் நீர் வற்றியவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். கிராமத்தில் அதற்கு வழியில்லை. 1960-ல் அமெரிக்க நிதியுதவியோடு டாக்காவில் காலரா ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் 1968-ல் ஒன்றைக் காட்டினார்கள். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், டிரிப்ஸின் தேவை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது.

1971-ல் போரால் அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதே கரைசலைக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அது ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் எப்படிப் போகும்? இங்கேதான் சுகாதாரச் சேவை ஆய்வு தொடங்குகிறது. புதிய மருந்தைத் தேடுவது ஒரு வகை ஆய்வு. இருக்கிற மருந்து மக்களுக்கு ஏன் சேரவில்லை, எப்படிச் சேர்ப்பது என்று தேடுவது இந்த வகை.

பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகள் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இதைத் தாய்மார்களே தங்கள் கையால் கலந்து காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்தே பணியாளருக்குச் சம்பளம்.

தாய்மார்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தார்கள். ஏன் என்று நிறுவனம் விசாரித்தது. சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு நோய் வந்தால் வேறு மருந்தைத் தேடினார்கள். வீட்டு ஆண்களுக்கோ யாரும் எதையும் விளக்கவில்லை. இரண்டும் தெரிந்த பிறகு, பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் ஆண்களைக் கூட்டி விளக்கினார்கள். பயன்பாடு உயர்ந்தது. பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்தக் கல்வி சென்றது.

விசாரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் செலவாகியிருக்கும், கணக்கும் சரியாக இருந்திருக்கும். குழந்தைகளுக்குக் கரைசல் போய்ச் சேர்ந்திருக்காது.

சென்னையில் நடந்த ஆய்வு

இரண்டாவது நிகழ்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. 1950-களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல உணவும் ஓய்வும் வேண்டும் என்பதே மருத்துவம். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில் மட்டுமே. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கின. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வீட்டிலும், மறுபாதியினருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில் குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தாருக்கு நோய்த் தொற்று கூடவும் இல்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே இது மாற்றியது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வீட்டிலிருந்தே குணமாகிறவர், அந்த ஆய்வின் பலனை அனுபவிக்கிறார்.

எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது?

ஜகாத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரை அல்லாஹ் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் வரையறுத்திருக்கிறான். ஆய்வுச் செலவு அதில் அடங்குமா என்பதை ஆலிம்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஏழை நோயாளிக்குரிய ஜகாத்தை இதற்குத் திருப்பக் கூடாது என்ற கவலை சரியானதே. ஆனால் பொது ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் வாசல் விரிவானது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மருத்துவமனையும் வக்ஃப் வருமானத்தில்தான் இயங்கியது.

பெரிய ஆய்வுக்கூடம் கட்டுவது நம்மைப் போன்ற ஊர் ஜமாஅத்துகளின் வேலையல்ல; அது அரசின் கடமை. தங்கள் சுகாதாரச் செலவில் குறைந்தது 2 சதவீதத்தையாவது ஆய்வுக்கு ஒதுக்குமாறு 1990-லேயே ஒரு சர்வதேச ஆணையம் வளரும் நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. நம்மால் முடிந்தது சிறியது, ஆனால் தேவையானது. மருத்துவ முகாமுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை, முகாம் முடிந்த பிறகு விசாரிக்க ஒதுக்கலாம். சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்? நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார்? பஸ் செலவா, கூட வர ஆள் இல்லையா, பெண் மருத்துவர் இல்லையா? அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையை அணுகினால் முறையாகச் செய்ய வழி கேட்கலாம்.

ஆய்வாளர்கள் வீட்டுக்கு வந்தால்

கேள்வித்தாளோடு வருபவரைச் சந்தேகத்தோடு திருப்பி அனுப்பும் வீடுகள் உண்டு. நாம் பதில் சொல்லாவிட்டால் நம் தெருவின் தேவை எந்தக் கணக்கிலும் வராது. அதே சமயம் நமக்கு உரிமைகளும் உண்டு. ஆய்வின் நோக்கம் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, நம் விவரங்களை ரகசியமாக வைப்பார்களா என்று கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கிய பிறகே சம்மதம் கொடுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம்; அதனால் உங்கள் சிகிச்சை நிற்கக் கூடாது. முடிவு என்ன ஆனது என்று பிறகு கேட்கவும் தயங்காதீர்கள்.

நாம் கொடுப்பது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அமானிதத்தைப் பேணுவதில் ஒரு பகுதிதான். நம் தர்மங்களை உரியவர்களுக்குப் பலனளிப்பதாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.