முன்னால் இருந்த சுழியம் எங்கே போனது?

மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் குறிக்கும், பினாங்குக்கு 07. 2003 மார்ச் 7 அன்று ஜார்ஜ்டவுனில் பிறந்த பிள்ளையின் எண் 030307-07 என்று தொடங்கும். இதைத் தரவுத்தளத்தில் முழு எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் சுழியம் மறைந்து 11 இலக்கங்களே மிஞ்சும். 32 பிட் முழு எண் என்றால் அதுவும் கிடையாது. அதன் உச்சவரம்பு 2,147,483,647. இந்தப் பிள்ளையின் எண் அதற்குள் அடங்காது. அடையாள எண்ணை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதுமில்லை. ஆகவே அதை எழுத்து வகையில் வைப்பதே முறை.

தரவுத்தளத்தில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே டிரைவர் எனும் இணைப்பு மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஓடிபிசியையும், சன் நிறுவனம் 1997-இல் ஜாவாவுக்கான ஜேடிபிசியையும் கொண்டுவந்தன. எந்தத் தரவுத்தளமானாலும் நிரல் ஒரே விதமாகக் கேட்கலாம்; அந்தந்தத் தரவுத்தளத்தின் வகைகளை நிரலின் வகைகளோடு பொருத்துவது டிரைவரின் வேலை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தின் தேதி வகையில் மணியும் நிமிடமும் நொடியும் சேர்ந்தே இருக்கும். மைஎஸ்கியூஎல்லின் தேதி வகையில் நாள் மட்டுமே. மைஎஸ்கியூஎல்லில் பிள்ளைகளின் எண்ணிக்கையை டைனிஇன்ட்(1) வகையில் வைத்தால், அதன் ஜாவா டிரைவர் இயல்பாகவே அதை ‘ஆம்/இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். மூன்று பிள்ளைகள் ‘ஆம்’ ஆகிவிடுவார்கள்.

எக்செல் கோப்பைத் தரவுத்தளம்போல் படிக்கும் டிரைவர் இன்னும் துணிச்சலானது. முதல் 8 வரிசைகளைப் பார்த்து ஒவ்வொரு பத்தியின் வகையையும் ஊகித்துக்கொள்ளும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ளூர்த் தொழிலாளரோடு வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலை செய்கிறார்கள். ஒரே பத்தியில் முதல் பத்துப் பேருக்கு எண்களாகப் பதிந்த அடையாள அட்டை எண்ணும், பதினோராவது ஆளுக்கு எழுத்து கலந்த கடப்பிதழ் எண்ணும் இருந்தால், டிரைவர் அந்தப் பத்தியை எண் என்று முடிவுகட்டி, கடப்பிதழ் எண்ணை வெறுமையாகத் திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. சம்பளப் பட்டியல் தயாரித்த பிறகுதான் ஆளைக் காணோம் என்று தெரியவரும்.

தேதியின் கதை வேறு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 டிசம்பர் 31 வரை கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது. 1982 பிறந்ததும் எட்டு மணியானது. டிசம்பர் 31 இரவு 11.30-க்குப் பிறகு கடிகாரம் நேரே 12 மணிக்குத் தாவியது. 1970 மே 10 அன்று பிறந்தவரின் தேதியை, எட்டு மணி வித்தியாசம் என்று நிலையாக வைத்திருக்கும் நிரல் ஒன்று நள்ளிரவு நேரத்தோடு கிரீன்விச் நேரமாக மாற்றிச் சேமிக்கிறது என்று கொள்வோம். அங்கே மே 9 மாலை 4 மணி என்று பதிவாகும். பழைய நேர வரலாற்றை அறிந்த வேறொரு நிரல் அதே பதிவுக்கு ஏழரை மணியைக் கூட்டினால் கிடைப்பது மே 9 இரவு 11.30. பிறந்த நாள் ஒரு நாள் பின்னே போய்விட்டது. அடையாள எண்ணோ இன்னமும் 700510 என்கிறது. முதல் நிரல் ஏழரையும் இரண்டாவது எட்டும் பயன்படுத்தினால் நள்ளிரவு 12.30 ஆகும், தேதி மாறாது. 1982-க்குப் பின் பிறந்தவர்களின் பதிவுகளைக் கொண்டு சோதித்தாலும் பிழை தலைகாட்டாது. பிறந்த தேதிக்கு நேரமும் தேவையில்லை, நேர வலயமும் தேவையில்லை. நாளை மட்டும் வைக்கும் வகையே போதும். ஆனால் டிரைவரும் அதை நேரமாக மாற்றாமல் கடத்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும்போது இட அளவு இடிக்கும். ‘சுப்பிரமணியம்’ கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே சேர்வதால் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39 பைட். ஆரக்கிள் இயல்பாக நீளத்தைப் பைட்டில் அளப்பதால் 30 என்று அறிவித்த பத்தியில் இந்தப் பெயர் நுழையாது. மைஎஸ்கியூஎல் குறியீடுகளை எண்ணுவதால் அங்கே இடமுண்டு. அங்கும் டிரைவரின் இணைப்பு லத்தீன் குறிமுறையில் திறந்திருந்தால் தமிழ் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். பதிந்த கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழியில்லை.

பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக எடுத்துவரும் நிரலில் 0.10 ரிங்கிட்டும் 0.20 ரிங்கிட்டும் சேர்ந்து 0.30000000000000004 ஆகும். தசம வகையை இரு பக்கமும் வைத்தால் இது நேராது.

சில வரம்புகளுக்கு வகையோடு தொடர்பே இல்லை. எஸ்கியூஎல் சர்வருக்கு ஒரே வினவலில் அனுப்பக்கூடிய மதிப்புகள் 2,100-க்குள் இருக்க வேண்டும். ஐம்பது பேரோடு சோதித்தபோது ஓடிய நிரல் 3,000 தொழிலாளர்களின் எண்களை ஒருசேர அனுப்பும்போது நின்றுவிடும்; பட்டியலைத் துண்டுதுண்டாக அனுப்ப வேண்டும். 32 பிட் சம்பள நிரலோ 64 பிட் டிரைவரைப் பயன்படுத்தவே முடியாது. 64 பிட் விண்டோஸில் இரண்டு ஓடிபிசி அமைப்புக் கருவிகள் உண்டு, கோப்புப் பெயரும் ஒன்றே. 64 பிட் கருவி சிஸ்டம்32 என்ற கோப்புறையிலும், 32 பிட் கருவி சிஸ்வாவ்64 என்ற கோப்புறையிலும் இருக்கும். கோப்புறையின் பெயரை நம்பித் திறந்தால் தவறான கருவியில்தான் இணைப்பை அமைக்க நேரும்.